தம்பிக்கு நிச்சயித்த பெண்ணும் ஊர்த் தலைவரின் கடிதமும்

வாசகர் கடிதம் (சுருக்கம்):

இராமநாதபுரம் மாவட்டத்தில் பாக் நீரிணைக் கரையிலுள்ள ஒரு நாட்டுப்படகு ஊருக்கு நான் தலைவர். வயது 39. அப்பா கடலில் போன பிறகு தம்பி தங்கைகளை ஆளாக்கியதில் என் திருமணப் பேச்சு எழவே இல்லை. எங்களுக்கும் பக்கத்து விசைப்படகு ஊருக்கும் வலை அறுப்பு காரணமாகப் பெரும் பகை இருந்தது. சென்ற ஆண்டு சமாதானம் பேசியபோது, அது நிலைக்க வேண்டும் என்பதற்காக அவ்வூர்த் தலைவரின் மகளை என் தம்பிக்குக் கேட்டு நானே நிச்சயம் செய்தேன். இரண்டு ஊரும் ஒரே சமுதாயம். பெண் கொடுத்து எடுக்கும் வழக்கம் உண்டு. தம்பி பஹ்ரைனில் மீன்பிடித் தொழிலில் இருக்கிறான். ஆவணியில் வருகிறான், அப்போது கல்யாணம். வலை இழப்பீட்டுக்கான இரு ஊர்ப் பொதுக் குழுவில் அந்தப் பெண்தான் கணக்கு எழுதுகிறார். ஒருமுறை, கணவரை இழந்த ஒரு அம்மாவின் நண்டு வலைக்குத் தொகை குறைத்துப் போடப்பட்டிருந்ததைப் பழைய ரசீதைத் தேடி எடுத்து, தன் அப்பாவின் முன்னாலேயே திருத்தினார். அன்றிலிருந்து என் மனம் என்னிடம் இல்லை. முன்பு "அண்ணே" என்று கூப்பிட்டவர் இப்போது எந்த முறையும் சொல்லி அழைப்பதில்லை. அவர் மனத்திலும் நான் இருப்பதாக நினைக்கிறேன். சொன்னால் தம்பிக்குத் துரோகம். ஊர் மறுபடியும் பற்றி எரியும். சொல்லாவிட்டால் ஒரே வீட்டில் எப்படி வாழ்வது? தலைவர் பொறுப்பை விட்டுவிட்டு எங்காவது போய்விடலாமா? தூக்கம் போய் நாளாகிறது.

குடும்ப நல ஆலோசகரின் பதில்:

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தில் தம்பியின் மானம், ஊரின் அமைதி, தந்தையின் பெயர், உங்கள் பொறுப்பு, உங்கள் வேதனை ஆகிய எல்லாம் இருக்கின்றன. இந்தத் திருமணத்தில் உனக்கு விருப்பமா என்று அந்தப் பெண்ணிடம் யாராவது ஒருமுறையேனும் கேட்டார்களா என்ற செய்தி மட்டும் அதில் எங்கும் இல்லை. என் பதில் முழுவதும் அந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

உங்கள் மனத்தில் எழுந்ததற்காக உங்களை நான் குறை கூறப் போவதில்லை. பள்ளியை விட்டு வந்த வயதிலேயே ஒரு குடும்பத்தையும், பிறகு ஓர் ஊரையும் தனியாகத் தாங்கி வந்த மனிதர் நீங்கள். உங்களிடம் வருபவர்கள் அனைவரும் ஏதேனும் ஒன்றைக் கேட்டு வருபவர்களாகவே இருந்திருப்பார்கள். அந்த நிலையில், யாரும் கேட்காமலேயே ஒரு ரசீதைத் தேடி எடுத்து, சொந்தத் தந்தையின் முகம் சுளிப்பதையும் பொருட்படுத்தாமல், எதிர் ஊரைச் சேர்ந்த ஓர் ஏழைப் பெண்ணுக்கு நியாயம் செய்த ஒருவரைப் பார்த்தபோது, உங்கள் சுமையில் ஒரு பக்கத்தைத் தாங்க இன்னொரு தோள் இருக்கிறது என்று உங்களுக்கு முதன்முறையாகத் தோன்றியிருக்கிறது. இது மதிப்புக்குரிய உணர்வு. ஆயினும் மதிப்பிலிருந்து பிறந்த நாட்டம், நெருங்கிப் பழகும் வேலையாலும், யாரிடமும் சொல்ல முடியாத இரகசியத்தாலும், கூடாது என்ற தடையாலும் பல மடங்கு பெருகிக் காட்டும் என்பதை என் தொழிலில் திரும்பத் திரும்பப் பார்த்து வருகிறேன். இன்று உங்களுக்குள் இருப்பதில் எவ்வளவு அந்தப் பெண்ணைப் பற்றியது, எவ்வளவு இத்தனை ஆண்டுகள் உங்களுக்கு மறுக்கப்பட்ட வாழ்க்கையைப் பற்றியது என்று பிரித்துப் பார்க்க உங்களுக்கு அவகாசம் தேவை. அந்த அவகாசம் கிடைக்கும் முன் எதையும் செய்துவிடாதீர்கள்.

அடுத்து, அவர் முறை சொல்லி அழைப்பதை நிறுத்திவிட்டதை அன்பின் அடையாளமாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் அதே செயலுக்கு வேறு காரணங்களும் உண்டு. உங்கள் பார்வை மாறியதைக் கவனித்து அவர் அஞ்சியிருக்கலாம். நிச்சயத்துக்குப் பின் உங்களை எந்த முறையில் அழைப்பது என்று தெரியாமல் தயங்கியிருக்கலாம். இரண்டு ஊர்ச் சனங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில், வருங்காலக் கணவரின் அண்ணனிடம் ஒரு சொல் கூடினாலும் குறைந்தாலும் தன் மேல்தான் பழி விழும் என்று பேச்சையே சுருக்கிக்கொண்டிருக்கலாம். இன்று அவர் இருக்கும் நிலையை அவருடைய இடத்தில் நின்று பாருங்கள். தன் திருமணம் நின்றால் வலை மறுபடியும் அறுபடும், படகு சிறைபிடிக்கப்படும், யாருக்காவது வெட்டு விழும் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. அந்தத் திருமணத்தைப் பேசி முடித்தவர் நீங்கள். அவர் எழுதும் கணக்கில் கையெழுத்திடும் தலைவரும் நீங்களே. இப்படிப்பட்ட ஒருவர் வந்து தன் மனத்தைத் திறந்து சொன்னால், "எனக்கு விருப்பமில்லை" என்று அச்சமின்றிச் சொல்லும் வழி அந்தப் பெண்ணுக்கு எங்கே இருக்கிறது? "சரி" என்று அவர் சொன்னாலும் அது மனமார்ந்த சம்மதம்தானா என்று உங்களால் எப்படி அறிய முடியும்? ஆகவே நீங்கள் நேரில் சொல்லக் கூடாது. கைப்பேசியில் எழுதியும், தங்கை மூலமாகத் தூது விட்டும் சொல்லக் கூடாது. இதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

பகையைத் தீர்க்கப் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது நேற்று வந்த வழக்கமன்று. முதலாம் இராசராசன் தன் மகள் குந்தவையைக் கீழைச் சாளுக்கிய விமலாதித்தனுக்கு மணம் செய்து கொடுத்தார். அந்த உறவின் தொடர்ச்சியாகப் பிறந்த முதலாம் குலோத்துங்கன் 1070இல் சோழ அரியணையிலேயே அமர்ந்தார். அரசுகள் அவ்வாறு நிலைபெற்றதை வரலாறு பெருமையோடு பதிவு செய்திருக்கிறது. வெற்றிகளையும் கொடைகளையும் அவ்வளவு விரிவாகப் பேசும், கல்வெட்டுகளில் அரசர் புகழ் பாடும் மெய்க்கீர்த்திகளில் அந்தப் பெண்களின் விருப்பம் ஒரு பொருளாகவே எடுத்துக்கொள்ளப்படவில்லை. அது அரசர்களின் காலம். உங்கள் ஊரும் பக்கத்து ஊரும் இன்று வாழ்வது அரசியலமைப்புச் சட்டத்தின் கீழ். வயது வந்த இருவரின் திருமண விருப்பத்தில் எந்தச் சாதிக் கூட்டமும் ஊர்க் கூட்டமும் தலையிட அதிகாரம் இல்லை என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது. ஒரு பெண்ணை மணக்கச் சொல்லித் தண்டம் விதிக்கவும் முடியாது. மணக்கக் கூடாது என்று ஒதுக்கி வைக்கவும் முடியாது. இந்து திருமணச் சட்டத்தின்படி, வற்புறுத்திப் பெற்ற சம்மதத்தின் பேரில் நடந்த திருமணத்தைச் செல்லாததாக்க நீதிமன்றத்தை நாடலாம். நிச்சயதார்த்தம் ஊருக்கு முன்னால் கொடுத்த வாக்குதான். அதைக் காட்டி எவரையும் மணமேடைக்கு இழுத்துவரச் சட்டத்தில் இடமில்லை.

உங்களுக்கென்று தனியாக ஒரு சட்டச் செய்தியும் சொல்ல வேண்டியிருக்கிறது. கடிதத்தின் ஓரிடத்தில், "கல்யாணம் நடக்கட்டும், பிறகு விதி விட்ட வழி" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணத்தை இன்றே கைவிடுங்கள். 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், சகோதரனின் மனைவியாக இருந்தவரை விலக்கப்பட்ட உறவுகளில் ஒன்றாகவே குறிப்பிடுகிறது. அதை அனுமதிக்கும் நிலைபெற்ற வழக்காறு இரு தரப்புக்கும் இருந்தாலொழிய அத்தகைய திருமணம் செல்லாது. நாளை அவர்கள் மணமுறிவு பெற்றாலும் இந்தத் தடை அப்படியே இருக்கும். நிச்சயத்தோடு நிற்கும் உறவுக்கு இந்தத் தடை இல்லை. எனவே கேட்க வேண்டியதைக் கேட்டு, தெளிய வேண்டியதைத் தெளிவதற்கான காலம் ஆவணிக்கு முந்திய இந்தச் சில வாரங்கள்தாம்.

இப்போது ஊருக்கு வருகிறேன். உங்கள் கையில் உண்மையான அதிகாரம் இருப்பது இந்த இடத்தில்தான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நீங்கள் இரண்டு காரியங்களை ஒன்றாகக் கட்டிவிட்டீர்கள். கடல் பழகிய உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: ஒரே நங்கூரக் கயிற்றில் இரண்டு வள்ளங்களைக் கட்டினால், காற்றடிக்கும்போது ஒன்று மற்றொன்றை இடித்தே உடைக்கும். இரு ஊர்களின் அமைதி தனியாக நிற்க வேண்டும். இந்தத் திருமணம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் அது குலையக் கூடாது. உங்கள் ஊர்ப் பகையின் வேர் என்ன? இரவில் விட்டுவைத்த நண்டு வலையை விசைப்படகின் இழுவை மடி வாரிக்கொண்டு போகிறது. காலையில் போய்ப் பார்த்தால் மிதவைகூட மிஞ்சுவதில்லை. கடன் வாங்கிப் போட்ட வலை ஒரே இரவில் போய்விடுகிறது. ஒரு பெண் மருமகளாக வந்துவிட்டதால் இந்தப் பிரச்சினை தீர்ந்துவிடுமா? முதல் வலை அறுபடும் நாளில், சமையற்கட்டில் நிற்கும் அந்த மருமகளைத்தான் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். "உன் அப்பா ஊர்க்காரன்தானே" என்ற சொல்லை உங்கள் அம்மா சொல்லாவிட்டாலும் பக்கத்து வீடு சொல்லும். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது.

எனவே அமைதியை எழுத்தில் கொண்டுவாருங்கள். வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கும் நான்கு நாள் நாட்டுப்படகுக்கும் என்று பாக் நீரிணையில் ஏற்கெனவே ஒரு முறை இருக்கிறது. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், கரையையொட்டிய கடலை நாட்டுப்படகுகளுக்கென்று ஒதுக்கியிருக்கிறது. இவற்றை அடிப்படையாக வைத்துக்கொண்டு, எந்தக் கடற்பரப்பில் எந்த நாளில் யார் தொழில் செய்வது, இரவு வலைக்கு என்ன விளக்கும் மிதவையும் அடையாளமாக இருக்க வேண்டும், சேதம் நேர்ந்தால் எத்தனை நாளுக்குள் யார் வந்து பார்த்து மதிப்பிடுவது, தொகை எங்கிருந்து வருவது, மீறினால் முதலில் யாரிடம் முறையிடுவது என்பவற்றை ஒன்றுவிடாமல் எழுதி, மீன்வளத் துறை உதவி இயக்குநரும் கோட்டாட்சியரும் முன்னிலை வகிக்க, இரு ஊர்த் தலைவர்களும் படகு உரிமையாளர்களான சம்மாட்டிகளும் கையெழுத்திடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்பதால் உட்கார்ந்து பேச ஆளும் நேரமும் இருக்கின்றன. தடை நீங்கிப் படகு இறங்கிவிட்டால் யாரையும் ஓரிடத்தில் சேர்ப்பது அரிது. அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரி அவசியம் இருக்க வேண்டும்: எந்தக் குடும்பத்தின் திருமண உறவும் இந்த ஏற்பாட்டுக்கு நிபந்தனை ஆகாது. இதை எழுத வைப்பதற்கு நீங்கள் யாரிடமும் உங்கள் மனத்தைத் திறக்கத் தேவையில்லை. "நாளைக்குப் புருஷன் பெண்டாட்டி சண்டையில் ஊர் அடித்துக்கொள்ளக் கூடாது" என்று கூட்டத்தில் சொன்னால் மூத்தவர்கள் தலையாட்டுவார்கள். அது உண்மையும்கூட.

அந்தக் கையெழுத்து விழுந்த பிறகுதான் அந்தப் பெண்ணிடம் கேட்க வேண்டும். கேட்பவர் நீங்களாகவும் இருக்கக் கூடாது, உங்கள் வீட்டாராகவும் இருக்கக் கூடாது. அவருடைய சித்தி, அத்தை, படித்த பள்ளியின் ஆசிரியை என்று அவர் நம்பும் ஒரு பெண் தனியாக அமர்ந்து, "இந்தக் கல்யாணம் நின்றாலும் ஊருக்கு ஒன்றும் ஆகாது, உனக்கு இந்தப் பையனைக் கட்டிக்கொள்ள விருப்பமா?" என்று கேட்கட்டும். உங்கள் பெயர் அந்தப் பேச்சில் வரவே கூடாது. அவருக்கு வெளியார் துணை வேண்டியிருந்தால் 181 என்ற மகளிர் உதவி எண் இருக்கிறது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி கிடைக்கும். உங்கள் தம்பியிடமும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். "நீங்க பாத்துச் செஞ்சா சரிண்ணே" என்று அவர் தொலைபேசியில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தந்தையின் இடத்தில் இருந்து வளர்த்த அண்ணனிடம் ஒரு தம்பி வேறு எப்படிச் சொல்வார்? அது பணிவு. அவருக்கு விருப்பம் இருக்கிறதா என்பது இன்னும் யாருக்கும் தெரியாது. அவர் வயதொத்த நண்பரோ மைத்துனரோ கேட்டால் உண்மை வெளிவரும்.

இருவருக்கும் விருப்பம் என்று தெரிந்தால் திருமணம் நடக்கட்டும். அப்போது நீங்கள் உங்கள் மனத்தில் இருந்ததை அந்தப் பெண்ணிடமோ தம்பியிடமோ எந்தக் காலத்திலும் சொல்லக் கூடாது. ஒளிவுமறைவின்றி இருப்பதே நேர்மை என்று சிலர் உங்களுக்கு அறிவுரை கூறலாம். இந்த இடத்தில் சொல்வதால் உங்கள் பாரம் குறையும். அதை ஆயுள் முழுக்கச் சுமப்பவர்கள் அவர்கள் இருவரும். தம்பிக்குத் தனிக்குடித்தனம் வைத்துக் கொடுங்கள். அது எந்தக் குடும்பத்திலும் இயல்பாக நடப்பதுதான். குழுவின் கணக்குப் பொறுப்பில் அந்தப் பெண்ணே தொடரட்டும், விலக வேண்டியவர் நீங்கள். உங்கள் ஊரின் சார்பில் குழுவில் கையெழுத்திடும் வேலையை இன்னொரு மூத்தவரிடம் கொடுத்துவிடுங்கள். திருமணம் முடியும்வரை காத்திராமல் இந்த வாரமே அதைச் செய்துவிடுங்கள். திறமையாக வேலை பார்க்கும் ஒரு பெண் உங்கள் தவிப்பின் காரணமாகத் தன் இடத்தை இழக்கக் கூடாது.

அவருக்கு விருப்பமில்லை என்று தெரிந்தால், நிச்சயத்தை மரியாதையோடு முடித்துக்கொள்ளும் பொறுப்பு உங்களுடையது. பரிசமாகக் கொடுத்ததைக் கணக்குப் பார்த்துத் திருப்பிக் கேட்காதீர்கள். எங்கள் பக்கமே யோசிக்காமல் அவசரப்பட்டோம் என்று குறையை உங்கள் வீட்டின் மேல் ஏற்றுக்கொள்ளுங்கள். பெண் வேண்டாம் என்று சொன்னதாக ஊரில் ஒரு சொல்லும் பரவக் கூடாது. பரவினால் அவருக்கு இனி வரன் வருவது கடினமாகும், அவர் அப்பாவின் கோபமும் அவர் மேலேயே திரும்பும். அதற்குப் பிறகும் உடனே உங்களை முன்னிறுத்த வேண்டாம். சில மாதங்கள் போகட்டும். தம்பி ஊருக்கு வந்து, உண்டு உறங்கி, தன் வாழ்க்கையைப் பற்றித் தானே பேசத் தொடங்கட்டும். அப்போதும் உங்கள் மனம் மாறாமல் இருந்தால், முதலில் நேருக்கு நேர் உட்கார்ந்து சொல்ல வேண்டியது தம்பியிடம். அவர் இதை ஊரார் வாய் வழியாகக் கேட்க நேர்ந்தால், நீங்கள் இத்தனை ஆண்டுகள் வளர்த்த உறவு அன்றோடு முறிந்துவிடும். அவர் கோபப்படலாம், பல நாள் பேசாமலும் இருக்கலாம். அதற்கு அவருக்கு உரிமை உண்டு. அவர் மனம் ஆறிய பின், முறைப்படி பெரியவர்கள் மூலமாக, மறுப்பதற்கு முழு வழியும் விட்டு, அந்தப் பெண்ணிடம் கேட்கலாம். வேண்டாம் என்று அவர் சொன்னால் அந்தப் பேச்சு அத்துடன் முடிந்தது.

இத்தனைக்கும் காத்திருப்பது உங்களுக்கு எளிதன்று என்பதை அறிவேன். தூக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தூக்கமில்லாமல் கடலுக்குப் போவது உங்கள் உயிரோடு வள்ளத்தில் உடன் வருபவர்களின் உயிருக்கும் ஆபத்து. 14416 என்ற இலவச எண்ணில் மனநல ஆலோசகரிடம் தமிழிலேயே பேசலாம். பெயரும் ஊரும் சொல்லாமலே பேசலாம். அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு மருத்துவரையும் ஒருமுறை பாருங்கள். உங்களுக்கென்று ஒரு துணையைத் தேடிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு இருக்கிறது என்பதை உங்கள் அம்மாவிடமும் தங்கைகளிடமும் இப்போதே சொல்லிவையுங்கள். யாரை என்று சொல்ல வேண்டாம். எனக்கும் ஒரு வாழ்க்கை வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். 39 வயது அதற்குக் கடந்த வயதன்று. உங்கள் வீட்டில் அந்தப் பேச்சு எழாமல் போனதற்கு, எல்லாருடைய தேவையையும் முந்திக்கொண்டு நீங்களே நிறைவேற்றி வந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தலைவர் பொறுப்பை விட்டுவிட்டுப் போய்விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது போகாதீர்கள். ஒப்பந்தம் எழுதாமல் நீங்கள் திடீரென்று விலகினால் இரண்டு ஊரும் காரணம் தேடும். அந்தத் தேடல் அந்தப் பெண்ணின் வாசலில்தான் போய் நிற்கும். கையெழுத்து விழட்டும், அவரிடம் கேட்க வேண்டியவர் கேட்கட்டும், தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்கிய முதல் சில வாரங்கள் சண்டையின்றிக் கழியட்டும். அடுத்த ஊர்க் கூட்டத்தில் புதிய தலைவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி நீங்களே முன்மொழிந்தால், இத்தனை ஆண்டு உழைத்தவர் ஓய்வு கேட்கிறார் என்றுதான் ஊர் எடுத்துக்கொள்ளும். அதற்குள் தம்பி பஹ்ரைனிலிருந்து அழைத்துக் கல்யாண வேலைகளைப் பற்றிக் கேட்டால், "நீ வா, உட்கார்ந்து பேசி முடிவு செய்வோம், மண்டபத்துக்கு முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை" என்று மட்டும் சொல்லுங்கள். முன்பணத்தையும் உண்மையாகவே கொடுக்காமல் வையுங்கள்.